லாவோ திராட்சைச் சரிவு: குடிக்காதவர்கள் அங்கே போய் என்ன செய்வது?

வைகைக்கரையான்

வணக்கம் மக்களே. நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். அப்பா அம்மா முதல் தடவையாக ஐரோப்பா வருகிறார்கள், செப்டம்பர் கடைசி வாரம். அதில் நான்கு நாள் சுவிஸ். ஒரு பயண ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் மூன்றாம் நாள் "லாவோ ஒயின் டூர், அரை நாள்" என்று இருக்கிறது. பஸ்ஸில் கூட்டிப்போய் மூன்று ஒயின் நிலவறைகளில் இறக்கி ருசி பார்க்க வைத்து, ஒரு வியூ பாயிண்ட்டில் போட்டோ எடுக்க விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். ஆளுக்கு அவர்கள் கேட்கும் காசை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அப்பா கம்பம் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் பன்னீர் திராட்சை போட்டவர், திராட்சை என்றால் பிடிக்கும், ஆனால் அதைப் புளிக்க வைத்ததைத் தொடமாட்டார். அம்மாவுக்கு முட்டிவலி. இவர்களை அங்கே கூட்டிப்போவதில் அர்த்தம் இருக்கிறதா, இல்லை அந்த நாளை இன்னொரு பனிமலைக்குக் கொடுத்துவிடலாமா?

கணக்கப்பிள்ளை

பனிமலைக்கே கொடுங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு சுவிஸ் என்றால் பனி, மாடு, மணி. கம்பத்துக்காரரைக் கூட்டிப்போய்த் திராட்சைத் தோட்டம் காட்டுவது கும்பகோணத்துக்காரரை வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கக் கூட்டிப்போவது மாதிரி. நான் அந்த வழியாக ரயிலில் மூன்று தடவை போயிருக்கிறேன், ஜன்னல் வழியாகவே எல்லாம் தெரிந்துவிடும். எட்டு நிமிஷம். செலவு பூஜ்யம்.

ஊர்சுற்றி72

கணக்கு, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பார்த்தாயிற்று என்று சொன்னால் மீனாட்சி கோவிலை ஆட்டோவில் சுற்றிவந்து தரிசனம் முடிந்தது என்கிற கதைதான்.

வைகை, முதலில் அந்த பஸ் டூரை ரத்து பண்ணுங்கள். குடிக்காதவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, குடிக்கிறவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. லாவோ என்பது ஒரு கடையோ தோட்டமோ கிடையாது, ஒரு மலைச்சரிவு முழுக்க. ஜெனிவா ஏரியின் வடகரையில், லொசான் நகரின் கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து மோந்த்ரோ தாண்டி ஷியோன் கோட்டை வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டருக்குத் தெற்கு பார்த்த சரிவு. அதில் ஏறத்தாழ 900 ஹெக்டேரை 2007இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்தது ஒயினுக்காக இல்லை. கல்கட்டுகளுக்காக. நம் ஊரில் மலைச்சரிவில் மண் சரியாமல் இருக்கக் கல் அடுக்குவோமே, அதேதான், ஆனால் ஏரி மட்டத்திலிருந்து மேலே வரைக்கும் படிப்படியாக, சில இடங்களில் நாற்பது படி. ஏரிக்கரையிலே நின்று அண்ணாந்து பார்த்தால் ஏதோ ராட்சதன் ஏறிப்போக மாடிப்படி கட்டி வைத்த மாதிரி இருக்கும், நடுவில் நடுவில் கையளவு ஊர்கள்.

12ஆம் நூற்றாண்டில் லொசான் பிஷப்பின் நிலத்தில் சிஸ்டெர்சியன் துறவிகள் காட்டை வெட்டிக் கல் அடுக்க ஆரம்பித்தார்கள். அதில் மிகச் செங்குத்தான துண்டுக்கு தெசலே என்று பெயர். 1536இல் பெர்ன்காரர்கள் வந்து பிடித்ததும் மடங்கள் போயின. துறவிகளின் பழைய தோட்டங்களில் இரண்டு கடைசியில் லொசான் நகராட்சி கைக்கு வந்து, இன்றைக்கும் நகராட்சிதான் அங்கே திராட்சை போட்டு ஒயின் எடுத்து வருஷக் கடைசியில் ஏலம் விடுகிறது. நகராட்சி ஒயின் விற்பதைக் கேட்டு நான் சிரித்தேன், அப்புறம் நம் ஊர் நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஏரிக்கரை அக்கா

நான் லொசானுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில் என்னுடைய கணவர் செப்டம்பர் மாதங்களில் இந்தத் தோட்டங்களில்தான் குலை வெட்டப் போனவர். எனவே கொஞ்சம் தெரியும்.

தம்பி, கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. செப்டம்பர் கடைசி என்றால் அநேகமாக வெட்டு நடக்கிற நேரம். அப்பாவுக்கு அதைவிட வேறென்ன வேணும்? ஆனால் ஊர்சுற்றி சொன்ன மாதிரி பஸ் டூர் வேண்டாம், ரயிலும் காலும் போதும்.

பெயர்கள் முதலில். எழுதியிருக்கிற மாதிரி வாசித்தால் ஒருவருக்கும் விளங்காது, கடைசி எழுத்துகளை இவர்கள் விழுங்கிவிடுவார்கள். லொசானில் இருந்து கரையோரமாக வரிசையாக: லுத்ரி, வில்லெட், குயீ, எபெஸ், ரிவா, சான் சஃபோரின், பிறகு வெவே. இதுகள் எல்லாத்துக்கும் குட்டி ஸ்டேஷன் இருக்கு, சின்ன ரயில் நிற்கும். மலைக்கு மேலே இன்னொரு ரயில் பாதை, அதில் கிரான்வோ, புய்டூ. இடையில் உயரத்தில் ஷேப்ர் என்ற ஊர். வெவேயில் இருந்து ஷேப்ர் வழியாகப் புய்டூ வரைக்கும் தோட்டங்களுக்குள்ளாலேயே ஒரு சின்ன ரயில் ஏறிப் போகும், பெயரே திராட்சைத் தோட்ட ரயில்தான். பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷப் பயணம். முட்டிவலி அம்மாவுக்கு அது கடவுள் தந்த வழி.

ஒன்று கவனம்: எபெஸ், ரிவா, சான் சஃபோரின் மூன்றிலும் ரயில் அடிக்கடி நிற்காது, ஒன்றை விட்டால் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க வேணும். குயீயும் லுத்ரியும் பரவாயில்லை.

மல்லிகைப்பந்தல்

சுத்த சைவம் யாராவது போயிருக்கிறீர்களா? அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

ஏரிக்கரை அக்கா

நல்ல கேள்வி, குடிக்காதவர்களும் கேட்க வேண்டிய கேள்வி. ஃபோந்து என்று பாலாடைக்கட்டியை உருக்கித் தருவார்களே, அது சைவம்தானே என்று ஆசையாகச் சாப்பிடுவார்கள். அதை உருக்குவதே வெள்ளை ஒயினில். செரி சாராயமும் கொஞ்சம் விடுவார்கள். கொதிக்கிறதில் எல்லாம் போய்விடும் என்று சொல்வார்கள், வாசம் போகாது. அப்பா கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பதிலாக ராக்லெட் கேளுங்கோ, கட்டியை நெருப்பில் காட்டி வழித்து அவித்த உருளைக்கிழங்கில் போட்டுத் தருவது, அதில் ஒயின் இல்லை. ரோஷ்டி, அதாவது துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு, வாங்கினால் இறைச்சித் துண்டு இருக்கா என்று கேட்டு வாங்குங்கோ. இல்லாவிட்டால் லொசானில் எங்கட கடைகள் இருக்கு, இடியப்பமும் கட்டிக்கொண்டு போகலாம், தோட்டப் பாதையில் இருந்து சாப்பிட நல்ல வாங்குகள் (பெஞ்சுகள்) போட்டிருக்கிறார்கள்.

ஏரி மீன் என்று மெனுவில் பெர்ச் மீன் போட்டிருக்கும். எல்லாம் இந்த ஏரியில் பிடித்தது என்று நம்ப வேண்டாம், முக்கால்வாசி வெளிநாட்டில் இருந்து வருவது. ஏரி மீன்தானா என்று நேரே கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

சோமபானம்

எல்லோரும் சைவப் பட்டிமன்றம் நடத்துகிறீர்கள், ஒயினைப் பற்றி யாராவது பேசுங்கள் ஐயா. அங்கே போய் ஒயின் குடிக்காமல் வருவது ஏரியில் குளிக்காமல் வருகிற மாதிரி.

ஷாஸ்லா என்று ஒரு வெள்ளைத் திராட்சை, லாவோவில் பெரும்பாலும் அதுதான். வாய்க்குள் போனதும் பழம், பூ என்று ஆர்ப்பாட்டம் எதுவும் பண்ணாது, லேசாக இருக்கும், முதல் தடவை குடிக்கும்போது "இதற்கா இவ்வளவு?" என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் தெரிந்தது, மேல் படியில் விளைந்ததும் கீழ்ப்படியில் விளைந்ததும் ஒரே ரகமாக இருந்தும் வேறு வேறு ருசி. தானாகச் சத்தம் போடாத பழம் என்பதால் மண் பேசுகிறது என்கிறார்கள். தெசலே, காலமேன் என்ற இரண்டு இடத்து ஒயினுக்கு மட்டும் கிரான் க்ரூ என்ற தனி மதிப்பு. காலமேன் மொத்தமே பதினாறு ஹெக்டேர் சொச்சம்.

வெளியே கிடைக்காது. சுவிஸ் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நாட்டை விட்டுப் போகிறது, மீதியை அவர்களே குடித்துத் தீர்க்கிறார்கள். ஓட்டலில் கேட்கும்போது டெசி கணக்கில் கேட்க வேண்டும், ஒரு டெசி என்றால் நூறு மில்லி. "மூன்று டெசி" என்றால் சின்னக் கூஜாவில் வரும், இரண்டு பேருக்குப் போதும்.

ஊருக்கு ஊர் கவோ என்று ஒரு பொது நிலவறை இருக்கும், அந்த ஊர் விவசாயிகள் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் திறந்து அவரவரே ஊற்றிக் கொடுப்பார்கள். ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை, பெரும்பாலும் வாரக் கடைசியில்தான் திறந்திருக்கும். மொத்தமாக ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ரிவாவில் வினோரமா என்ற கூடம் உண்டு, பக்கத்திலேயே ஃபோரெஸ்தே அருவி. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்தே வாரக் கடைசியில் இந்த மாநிலம் முழுக்க நிலவறைகளைத் திறந்துவிடுவார்கள், அது ஒரு தனித் திருவிழா.

வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஆயிரத்துக்கு 0.5ஐ எட்டினால் கதை முடிந்தது, அங்கே அபராதம் என்பது நம் ஊர் சமாச்சாரம் இல்லை.

கணக்கப்பிள்ளை

கேட்டவர் தெளிவாக எழுதியிருக்கிறார், வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்று. நீங்கள் கூஜா அளவு சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சோமபானம்

இழையை நாளைக்கு இன்னும் பத்துப் பேர் படிப்பார்கள் கணக்கப்பிள்ளை. எல்லோரும் உங்களை மாதிரி ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட மாட்டார்கள்.

ஊர்சுற்றி72

சரி சரி, இருவரும் தண்ணீர் குடியுங்கள். ஊர் நடுவில் இருக்கிற கல் தொட்டிக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கக் கூடாதென்றால் பலகை மாட்டியிருப்பார்கள்.

நடைக்கு வருவோம். லுத்ரியிலிருந்து சான் சஃபோரின் வரைக்கும் நடுச்சரிவில் பத்துப் பதினோரு கிலோமீட்டர் பாதை, சாதாரணமாக நடந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். மஞ்சள் பலகையில் தூரம் போடமாட்டார்கள், நேரம் போட்டிருப்பார்கள், அது சுவிஸ்காரர்கள் நடக்கிற நேரம், நம் பெற்றோருக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். பாதை பெரும்பாலும் தார் அல்லது சிமென்ட், தோட்ட வண்டி போவதற்குப் போட்டது. ஒரு பக்கம் ஆள் உயரக் கல்கட்டு, இன்னொரு பக்கம் அடுத்த படியின் கொடிகளுடைய தலை, அதற்குக் கீழே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ், ஆல்ப்ஸ். நிழல் கிடையாது. ஒரு மரம் கூட வைக்கமாட்டார்கள், நிழல் விழுந்தால் திராட்சைக்கு வெயில் குறையும் என்று. ஜூலை ஆகஸ்டில் மதியம் நடந்தால் வறுத்து எடுத்துவிடும்.

அதற்கு இவர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், லாவோவுக்கு மூன்று சூரியன் என்று. வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டு எதிரொளிப்பது ஒன்று, பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி கக்குகிற கல்கட்டு ஒன்று.

நடக்க முடியாதவர்களுக்கு லுத்ரி, குயீ பக்கமிருந்து டயர் வைத்த குட்டி ரயில் வண்டி தோட்டத்துக்குள் சுற்றிக் காட்டும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும், தனி டிக்கெட். குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருக்கும், கேலி பண்ணாதீர்கள், என் மாமியார் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார். சைக்கிள்காரர்களுக்கு: மோட்டார் வைத்த சைக்கிள் எடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது ஏற்றத்திலேயே தள்ளிக்கொண்டு போவீர்கள், நான் தள்ளினேன்.

கப்பலை மறக்காதீர்கள். துடுப்புச் சக்கரம் வைத்த பழைய நீராவிக் கப்பல்கள், அதில் மூத்தது 1904இல் ஓட ஆரம்பித்தது. லுத்ரி, குயீ, ரிவா, வெவே எல்லாவற்றிலும் நிற்கும், சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் தனியாகக் காசு வேண்டாம். கீழே தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அந்தப் படிகளின் அளவு புரியும். இயந்திர அறையை மேலிருந்து பார்க்கத் திறந்து வைத்திருப்பார்கள், பித்தளையும் எண்ணெயுமாகப் பளபளக்கும்.

மழைக்குருவி

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு அழகான இடம், ஏரி, மலை, லொசானிலிருந்து பத்து நிமிஷம். ஏன் அங்கே பெரிய பெரிய ஓட்டலும் பங்களாவுமாக நிறைந்துபோகவில்லை? நம் ஊராக இருந்தால் எப்போதோ பிளாட் போட்டிருப்பார்களே.

ஊர்சுற்றி72

போடத்தான் பார்த்தார்கள். 60, 70களில் வீடுகள் மளமளவென்று ஏற ஆரம்பித்தன. ஃபிரான்ஸ் வெபர் என்ற ஒரு பத்திரிகைக்காரர், அப்புறம் முழுநேரச் சுற்றுச்சூழல் போராளி ஆனவர், கையெழுத்து சேகரித்து இதை மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். 1977இல், லாவோ இருக்கிற வோ மாநில மக்கள் ஓட்டுப் போட்டு லாவோவைக் காப்பது அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டது. 2005இல் இன்னொரு தடவை வாக்கெடுப்பு, அதிலும் ஜெயித்தார். 2014இல் இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று மூன்றாவது தடவை கேட்டபோது மக்கள் போதும் என்று சொல்லிவிட்டு, அரசு வைத்த மாற்று யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த மூன்றாவதை எதிர்த்தவர்களில் தோட்டக்காரர்களே நிறைய. ஒரு கொட்டகை போடக்கூட விடமாட்டீர்களா, நாங்கள் என்ன மியூசியத்தில் வைத்த பொம்மையா என்று கேட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஏரிக்கரை அக்கா

அவர்கள் படுகிற பாடும் கொஞ்சம் இல்லை. இந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. குலைப் பெட்டிகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்து ஒரு குட்டி வண்டி ஓடும், நேர்ச் செங்குத்தாக ஏறும், அப்பாவிடம் காட்டுங்கோ. அது வராத காலத்தில் முதுகில் கூடைதான். மழைக்கு வழிந்து கீழே போன மண்ணையும் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம்.

வெவேயில் திராட்சைத் தொழிலாளருக்கென்று ஒரு பழைய சபை இருக்கு. யார் தோட்டத்தை நன்றாகப் பார்க்கிறார் என்று ஒவ்வொரு வருசமும் நேரே வந்து சோதித்துப் புள்ளி போடுவார்கள். ஒரு தலைமுறைக்கு ஒருக்கால் பெரிய விழா எடுத்து அதில் கெட்டிக்காரத் தொழிலாளிக்கு முடி சூட்டுவார்கள், தோட்ட முதலாளிக்கு இல்லை, வேலை செய்கிறவருக்கு. முதல் விழா 1797இல். கடைசி இரண்டும் 1999இலும் 2019இலும். சந்தைத் திடலில் இருபதாயிரம் பேர் இருக்கிற அரங்கு கட்டினார்கள். 2019இல் நான் போனேன், பாதி விளங்கவில்லை, ஆனால் மாடுகளுக்காகப் பாடுகிற அந்தப் பாட்டுக்கு முழு ஊரும் எழும்பி நின்றது, எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியாது.

மல்லிகைப்பந்தல்

வெவே என்றால் சார்லி சாப்ளின் ஊர்தானே?

ஊர்சுற்றி72

ஆமாம். அமெரிக்காவிலிருந்து வந்து 1953 முதல் 1977இல் சாகும்வரை வெவேக்கு மேலே கோர்சியேயில் இருந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், 2016இல் திறந்தார்கள். ஏரிக்கரையில் அவர் சிலை, அதற்கு எதிரே தண்ணீருக்குள் எட்டு மீட்டர் உயர முள்கரண்டி குத்தி நிற்கும். புதைத்த இரண்டு மாதத்தில் அவர் சவப்பெட்டியையே திருடிக்கொண்டு போய்ப் பணம் கேட்டு மிரட்டினார்கள், அப்புறம் ஒரு சோளக்கொல்லையில் கண்டெடுத்தார்கள். சாப்ளினே எழுதியிருக்க வேண்டிய காட்சி.

பக்கத்திலேயே ஏரிக்கரையில் லெ கொர்புசியே தன் அப்பா அம்மாவுக்காக 1920களில் கட்டிய குட்டி வீடு, அதுவும் யுனெஸ்கோ பட்டியலில். சண்டிகரை வடிவமைத்தவர் அப்பா அம்மாவுக்கு ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு வீடு கட்டியிருக்கிறார், பதினோரு மீட்டருக்கு ஒரே ஜன்னல். நேரமிருந்தால் ஷியோன் கோட்டை. பாஸ் இருந்தால் உள்ளே போக டிக்கெட் வேண்டாம்.

வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. பஸ் டூரை ரத்து பண்ணிவிட்டேன். முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், போகட்டும். வெவேயில் இரண்டு ராத்திரி ரூம் போட்டிருக்கிறேன். வந்து எழுதுகிறேன்.

வைகைக்கரையான்

சொன்ன மாதிரி எழுத வந்துவிட்டேன், மூன்று வாரம் தாமதம், மன்னிக்கவும். நீளமாக இருக்கும்.

பெர்ன் பக்கமிருந்து ரயிலில் வந்தோம். புய்டூ பக்கம் சுரங்கம் ஒன்று வரும், அதுவரைக்கும் சாதாரணப் புல்வெளி, மாடு. சுரங்கம் முடிந்ததும் கீழே மொத்தமாக ஏரி. பெட்டியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலை தூக்கினார்கள். ஜெர்மன் பேசும் பகுதியிலிருந்து வருகிறவர்கள் இந்த இடத்தில் திரும்பும் டிக்கெட்டை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவார்கள் என்று ஒரு பழைய பேச்சு இருக்கிறதாம், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னார். அப்பா உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் ஒரு தப்பு பண்ணினேன். திராட்சைத் தோட்ட ரயிலில் ஷேப்ர் ஏறி அங்கிருந்து ரிவாவுக்கு இறங்கி நடக்கலாம், இறக்கம்தானே, அம்மாவுக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். அதிலும் குறுக்கு வழி என்று கல்கட்டுகளுக்கு நடுவே விட்ட படிகளில் இறங்கினோம், ஒவ்வொரு படியும் முக்கால் முழம். பாதி வழியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். கல்கட்டில் முதுகைச் சாய்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, நான் பயந்துபோனேன். அப்புறம் கண்ணைத் திறந்து, "வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்குடா, நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். சாயங்காலம் ஐந்து மணி, காற்று குளிர ஆரம்பித்துவிட்டது, கல் மட்டும் அடுப்புத் திண்ணை மாதிரி சூடாக இருந்தது. ஊர்சுற்றி சொன்ன மூன்றாவது சூரியன்.

அங்கேயே அரை மணி நேரம். அந்த நேரத்தில் அப்பா ஒரு தோட்டம் விடாமல் பார்த்துவிட்டார். உள்ளே இறங்கவில்லை, பாதையோரத்தில் நின்றேதான். எங்கள் பக்கம் பந்தலில் படரவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பறிப்போம், இங்கே கொடி நெஞ்சு உயரம்கூட இல்லை, கம்பியில் நிமிர்த்திக் கட்டி, குலை எல்லாம் முட்டி உயரத்தில். "குனிஞ்சே வெட்டணும், இடுப்பு போயிரும்" என்றார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார், நீலமாகத் திட்டுத் திட்டாக. "மயில்துத்தம் அடிச்சிருக்கான்" என்றார், நாங்களும் பூஞ்சைக்கு அடிக்கிற அதே செம்பு மருந்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெர்மனியில் பத்து நாளாக ஒரு வார்த்தை படிக்கத் தெரியாமல் இருந்த மனுஷனுக்குப் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து அவரை நிறுத்த முடியவில்லை. கல்கட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் போக வாய்க்கால் விட்டிருப்பதை எனக்குக் காட்டினார், நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

மறுநாள் புத்தி வந்து, ஏரிக்கரை அக்கா சொன்னபடி குயீயில் இறங்கினோம். அம்மா கரையில் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டு. நானும் அப்பாவும் எபெஸ் பக்கம் நடந்தோம். வழியில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் இருக்கும், மஞ்சள் பெட்டிகள், அந்த ஒற்றைத் தண்டவாள வண்டி கடகடவென்று பெட்டிகளோடு ஏறியது. வேலியெல்லாம் இல்லை, ஆனால் நாங்கள் பாதையிலேயே நின்றோம். ஒரு பெரியவர், எழுபது இருக்கும், எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஜெர்மனும் அரைகுறை பிரெஞ்சும் வைத்து, அப்பாவும் திராட்சை விவசாயி என்று சொன்னேன். அவ்வளவுதான், கத்தரிக்கோலைப் பையில் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டார்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தனை வெள்ளாமை? ஒன்று என்றார். அப்பா நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பக் கேட்கச் சொன்னார். ஒன்றுதான். கம்பத்தில் இரண்டு வருஷத்துக்கு ஐந்து எடுப்போம் என்று அப்பா கையை விரித்துக் காட்டினார். இப்போது அவர் நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்தார்! குளிர்காலமே கிடையாது, கிளைகளைக் கழித்துக் கவாத்து பண்ணிவிட்டால் கொடி திரும்பத் துளிர்த்துவிடும் என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்போ எப்போதான் தூங்குவீங்க?" என்றார். கொடியைக் கேட்டாரா எங்களைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

ஒரு குலையை வெட்டி அப்பா கையில் கொடுத்தார். ஷாஸ்லா, பொன் நிறம், மெல்லிய தோல். நம் பன்னீர் திராட்சை மாதிரி மணம் இல்லை, ஆனால் நல்ல இனிப்பு. பிரான்சில் சில இடங்களில் இதையே சாப்பிடும் பழமாக விற்கிறார்களாம். அப்புறம் பிழிந்து இன்னும் புளிக்காத சாற்றை ஒரு கிளாஸில் கொடுத்தார், அப்பா என்னைப் பார்த்தார், சத்தியமாக ஒன்றும் ஏறவில்லை என்று சொன்ன பிறகு குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பேச்சு சுவாரசியத்தில் எபெஸ் ரயிலை விட்டோம். ஒரு மணி நேரம் அந்தக் குட்டி ஸ்டேஷனில். அக்கா, நீங்கள் எழுதியிருந்தீர்கள், தப்பு என்னுடையது. கவோ எதுவும் திறந்திருக்கவில்லை, செவ்வாய்க்கிழமை. சோமபானம் மன்னிக்கவும், உங்களுக்காக ஒரு போத்தல் தெசலே வாங்கி வந்திருக்கிறேன், ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்ளின் வீட்டுக்கு நேரம் இல்லை. பனிமலை ஒன்றுக்கும் போனோம், மேலே மேகம், ஒன்றும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை, டிக்கெட் விலையைச் சொல்லமாட்டேன்.

கணக்கப்பிள்ளை

சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும், நானும் மேகத்தைத்தான் பார்த்தேன். அந்தச் சாறு பெட்டியில் விற்கிறார்களா?

ஏரிக்கரை அக்கா

புளிக்காதது வெட்டுக் காலத்தில் மட்டும்தான், அதுவும் தோட்டத்திலேயே. சாதாரண திராட்சைச் சாறு போத்தலில் எப்பவும் வாங்கலாம்.

தம்பி, வாசித்துவிட்டு இவருக்கும் சொன்னேன். குனிந்து வெட்டினால் இடுப்பு போயிரும் என்று அப்பா சொன்ன இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வைகைக்கரையான்

அக்கா, ஒரு கேள்வி. அப்பா ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்க கவாத்து எப்போ பண்ணுவாங்க?" வெட்டைப் பார்த்தாயிற்றாம், கவாத்தைப் பார்த்தால்தான் ஆள் எப்படி என்று தெரியுமாம்.

ஏரிக்கரை அக்கா

ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும். பிப்ரவரியில் வந்தால் எல்லாப் படியிலும் ஆள் நிற்கும். வடகிழக்கில் இருந்து பீஸ் என்று ஒரு காற்று அடிக்கும், காது விறைத்துவிடும். குல்லா கொண்டுவரச் சொல்லுங்கோ.